ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வந்த கியர்

பேடில் ஷிஃப்டர் என்பது ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்புறம், இரு கை விரல்களுக்கும் எட்டும்படி வைத்த இரண்டு தகடுகள். வலது தகட்டை இழுத்தால் கியர் ஏறும்; இடது தகட்டை இழுத்தால் இறங்கும். தகட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கம்பி, கேபிள் என எந்த இயந்திர இணைப்பும் இல்லை. அது ஒரு மின் சுவிட்ச்தான். விரல் கொடுத்த உத்தரவைக் கணினி வாங்கிக்கொண்டு கிளட்சையும் கியரையும் தானே நகர்த்துகிறது. அதனால் ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் தகடுகளால் பயன் உண்டா என்ற கேள்விக்கு எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பின்னால் இருக்கும் கியர்பாக்ஸைப் பொறுத்து அதே தகடு பந்தயம் வென்றும் தந்திருக்கிறது, வெறும் அலங்காரமாகவும் தொங்கியிருக்கிறது.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கியர் மாற்ற வேண்டும் என்ற ஆசை பழையது. 1936இல் வந்த அமெரிக்காவின் கார்டு 810 காரில், ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய விரலளவு லீவர் ஒன்று இருந்தது. ஓட்டுநர் அடுத்த கியரை முன்கூட்டியே அதில் தேர்ந்து வைப்பார். கிளட்சை மிதித்தவுடன் மின்சாரமும் வெற்றிட அழுத்தமும் சேர்ந்து கியரை மாற்றும். 1958இல் ஃபோர்டு நிறுவனத்தின் எட்செல் கார்களில், ஸ்டீயரிங்கின் நடுவிலேயே ஆட்டோமேட்டிக் கியருக்கான பொத்தான்கள் வந்தன. ஹார்ன் இருக்கும் இடம் என்ற பழக்கத்தில் அங்கே கை போனதும், மின் கோளாறுகளும் அதன் பெயரைக் கெடுத்தன. ஒரே ஆண்டில் அது கைவிடப்பட்டது. இரண்டிலும் நோக்கம் சொகுசுதான். வேகத்துக்காக அந்த வேலையை எடுத்தவர் பல ஆண்டுகள் கழித்து வந்தார்.

அவர் ஜான் பார்னார்டு. ஃபெராரியின் ஃபார்முலா 1 காரை வடிவமைக்க ஒப்புக்கொண்டபோதும் இத்தாலியின் மரனெல்லோவுக்குக் குடிபோகாமல், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டிலேயே அலுவலகம் அமைத்து வேலை செய்தவர். கியர் லீவரை ஒழிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததற்கு முதல் காரணம் கியர் மாற்றும் வேகம் அல்ல, காரின் அகலம். லீவர் இருந்தால் அதை இழுக்கும் கைக்கும் முழங்கைக்கும் ஓட்டுநர் அறையில் இடம் விட வேண்டும். லீவரிலிருந்து பின்னால் உள்ள கியர்பாக்ஸ் வரை ஒரு தண்டு இன்ஜினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டால் காரின் உடலை ஒடுக்கி, காற்றை இன்னும் சீராகப் பின்னால் அனுப்பலாம். வேகமான கியர் மாற்றம், இரு கையும் எப்போதும் ஸ்டீயரிங்கில் இருப்பது, தவறான கியரில் தள்ளி இன்ஜினை உடைக்கும் ஆபத்து நீங்குவது ஆகியவை அதன் கூடவே வந்த லாபங்கள். 3.5 லிட்டர் வி12 இன்ஜின் உச்சச் சுழற்சியில்தான் முழு பலம் காட்டும். அதை அந்த உயரத்திலேயே வைத்திருக்க 7 கியர்கள் தேவைப்பட்டன. அத்தனை கியரையும் ஒரு சுற்றில் பல முறை லீவரால் மாற்றுவது ஓட்டுநரின் கையைத் தேய்த்துவிடும் வேலை.

1989 பருவத்துக்கு வந்த ஃபெராரி 640 இப்படித்தான் உருவானது. புறப்படுவதற்கு மட்டும் கிளட்ச் மிதி உண்டு. ஓடத் தொடங்கியபின் விரல்கள் போதும். குளிர்காலச் சோதனைகளில் கார் பந்தயத் தூரத்தை முழுதாக ஓடி முடிக்கவே திணறியது. பழைய லீவருக்கே திரும்பலாம் என்ற குரல் நிறுவனத்துக்குள் எழுந்தபோது பார்னார்டு இணங்கவில்லை. பலரும் கியர்பாக்ஸைக் குற்றம் சொன்னார்கள். குறையின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது. கிராங்க்ஷாஃப்டின் அதிர்வில் ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்றுவிடும். மின்சாரம் நின்றால் மின்சாரத்தை நம்பிய கியர்பாக்ஸும் நின்றுவிடும்.

அந்த ஆண்டின் முதல் பந்தயம் மார்ச் 26 அன்று பிரேசிலின் ஜக்கரெபக்வா தடத்தில் நடந்தது. கார் பாதியிலேயே நின்றுவிடும் என்று ஃபெராரி ஓட்டுநர் நைஜல் மான்செல் நம்பியிருந்தார். ஊர் திரும்ப முன்கூட்டிக் கிளம்பும் விமானத்தில் இடம் பிடித்து வைத்திருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பந்தயத்தின் நடுவில் தகடுகளோடு சேர்த்து ஸ்டீயரிங் சக்கரத்தையே பிட்டில் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் அவர் முதலாவதாக வந்தார். பிறகு ஹங்கேரியில் மான்செலும் போர்ச்சுகலில் அவருடைய அணித் தோழர் கெர்ஹார்டு பெர்கரும் வென்றார்கள். அந்த ஆண்டு 640 கார் கடைசி வரை ஓடி இடம் பெற்ற ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. மற்ற பந்தயங்களில் பெரும்பாலும் நடுவழியில் நின்றது. ஒரு புதிய கருவியின் வலிமையையும் பலவீனத்தையும் இதைவிடத் துல்லியமாக வேறு எந்தக் கணக்கும் சொல்லாது.

மற்ற அணிகள் உடனே பின்தொடரவில்லை. 1991இல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் பழைய முறையும் புதிய முறையும் நேருக்கு நேர் மோதின. அயர்ட்டன் சென்னாவின் மெக்லாரனில் கையால் மாற்றும் கியர்பாக்ஸ். வில்லியம்ஸ் அணிக்கு மாறி, அவரைத் துரத்திய மான்செலின் காரில் ஸ்டீயரிங்கிலிருந்து மாற்றும் புதிய கியர்பாக்ஸ். மான்செலின் கியர்பாக்ஸ் பழுதாகிக் கார் சுழன்று நின்றது. சென்னாவுக்கோ கியர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் ஆறாவது மட்டுமே மிஞ்சியது. மெதுவான வளைவுகளிலும் அதே கியரில் இழுத்துக்கொண்டு வந்து, சொந்த மண்ணில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். தசைப்பிடிப்பில் காரிலிருந்து தானாக இறங்க முடியாத நிலையில் இருந்தார். அந்த ஆண்டு சென்னா வென்ற உலகப் பட்டம்தான் கையால் மாற்றும் கியர்பாக்ஸ் வாங்கித் தந்த கடைசிப் பட்டம். அடுத்த ஆண்டு குறைகள் தீர்ந்த வில்லியம்ஸில் மான்செல் சாம்பியன் ஆனார். 1995இல் ஓடிய ஃபோர்ட்டி அணியின் காருடன் ஃபார்முலா 1இல் லீவர் மறைந்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் அறிமுகமானபோது அங்கே எல்லாக் காரும் விரலால் கியர் மாற்றும் கார்தான்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கணினியே கியரை மாற்றத் தொடங்கியதும், எப்போது மாற்றுவது என்பதையும் அதனிடமே விடலாமே என்ற எண்ணம் பொறியாளர்களுக்கு வந்தது. 1994இல் விதிகள் முழு ஆட்டோமேட்டிக்கைத் தடுத்தன. 2001இல் பருவத்தின் இடையில் அனுமதித்தன. 2004 முதல் மறுபடி தடுத்தன. இன்றைய பந்தயக் காரில் தகடு இருப்பதற்குக் காரணம், மாற்றும் முடிவு மனிதனுடையதாக இருக்க வேண்டும் என்று விதி கேட்பதுதான். சாலைக் காருக்கு அப்படி ஒரு விதி இல்லை. அங்கே தகடு தன் இடத்தைத் தானே சம்பாதிக்க வேண்டும்.

சாலைக்கு அதைக் கொண்டுவந்ததும் ஃபெராரியே. 1997இல் வந்த எஃப்355 எஃப்1 காரில் இருந்தது வழக்கமான 6 கியர் மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் நகர்த்தும் வேலையை மட்டும் எண்ணெய் அழுத்தம் எடுத்துக்கொண்டது. 2001இல் பி.எம்.டபிள்யூ எம்3 காரில் தகடுகளோடு எஸ்.எம்.ஜி. 2 வந்தது. 2002இல் ஃபெராரி என்ஸோ லீவரே இல்லாமல் வந்தது. இந்தக் கார்களை முழு வேகத்தில் விரட்டினால் சுகம். நெரிசலில் ஊர்ந்தால் அவஸ்தை. ஒரே கிளட்ச் என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை அறுபட்டு மீண்டும் பிடிக்கும். பயணியின் தலை முன்னும் பின்னும் ஆடும். பழகிய ஓட்டுநர்கள் தகட்டை இழுக்கும் கணத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தி அந்தக் குலுக்கலைத் தணித்தார்கள். இவற்றில் சில கார்களுக்கு இருந்த மேனுவல் வகைகள் இன்று சேகரிப்பாளர்களிடம் அதிக விலைக்குப் போவதில் வியப்பில்லை. தானே கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக்கின் இதமும் இல்லை, காலால் கிளட்ச் பிடிக்கும் நிறைவும் இல்லை என்ற இடைநிலையில் தகட்டு வகைகள் நின்றுவிட்டன.

இன்னொரு கிளை போர்ஷேயின் டிப்ட்ரானிக். 1990 மாடல் 911இல் வந்தது. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், 4 கியர். லீவரைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளி முன்னும் பின்னும் தட்டினால் கியர் ஏறி இறங்கும். சில ஆண்டுகளில் அந்தத் தட்டல் ஸ்டீயரிங்கின் பொத்தான்களுக்கு வந்தது. பிறகு உலகெங்கும் சாதாரண செடான்கள்கூட இதைப் பின்பற்றின. பேடில் ஷிஃப்டருக்கு வீண் ஆடம்பரம் என்ற பெயர் ஒட்டியது இந்தக் காலத்தில்தான், அது நியாயமான பெயரும்கூட. டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கிக்கொண்டிருக்க, விரல் கேட்டதற்கும் கியர் மாறுவதற்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் போய்விடும். உச்சச் சுழற்சியை எட்டினால் பெட்டி தன்னிச்சையாக அடுத்த கியருக்குப் போய்விடும். கேட்டும் கேளாததுபோல நடக்கும் கருவியிடம் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. வாங்கிய வாரத்தில் விளையாடிப் பார்த்துவிட்டுப் பலரும் தகட்டை மறந்தார்கள்.

நிலைமையை மாற்றியது இரட்டைக் கிளட்ச். பிரான்ஸின் அடால்ஃப் கெக்ரெஸ் 1930களின் இறுதியிலேயே அந்த யோசனையைச் சொல்லிவிட்டார். செயல்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு அன்று இல்லை. போர்ஷே 1980களில் 962 பந்தயக் காரில் பி.டி.கே. என்ற பெயரில் அதைச் சோதித்து, 1986இல் மோன்ஸாவில் ஒரு வெற்றியும் கண்டது. சாலைக்கு முதலில் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன், 2003இல் கோல்ஃப் ஆர்32 காரில். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல, ஒன்று விடும் கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். இடையில் இழுவை அறுபடாது. அடுத்து எந்தக் கியர் வேண்டும் என்பதை மட்டும் கணினி முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். அது மேலே போவதற்குத் தயாராக இருக்கும்போது ஓட்டுநர் கீழே கேட்டால் சற்றுத் தாமதமாகும். 2008இல் 911க்கு பி.டி.கே. வந்தபோது போர்ஷே தகடுகளுக்குப் பதிலாக இரு பக்கமும் ஒரே மாதிரிப் பொத்தான்களை வைத்தது: முன்னால் அழுத்தினால் ஏறும், பின்னாலிருந்து இழுத்தால் இறங்கும். வாடிக்கையாளர்கள் குழம்பினார்கள். நிறுவனம் விரைவிலேயே வலது ஏற, இடது இறங்க என்ற தகடுகளையும் விற்க வேண்டியதாயிற்று. ஃபெராரி 458 இட்டாலியா 2009இல் இரட்டைக் கிளட்சோடு மட்டுமே வந்தது.

டார்க் கன்வெர்ட்டரும் சும்மா இருக்கவில்லை. 2007இல் லெக்ஸஸ் ஐ.எஸ்.எஃப். காரின் 8 கியர் பெட்டி, மேனுவல் முறையில் இரண்டாம் கியர் முதலே கன்வெர்ட்டரைப் பூட்டி வழுக்கலை நிறுத்தியது. 2009 முதல் வந்த ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்து 8 கியர் பெட்டி அந்த வழியில் இன்னும் முன்னேறியது. இரட்டைக் கிளட்ச் வைத்திருந்த பி.எம்.டபிள்யூ எம்5, 2017இல் இந்த வகைக்கு மாறியது.

இத்தனை வேகமான பெட்டிகள் வந்தபின் தகட்டின் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்பதே நேர்மையான கணிப்பு. முழு வேகத்தில் கியர் ஏற்றுவதற்கு மனித விரல் இனித் தேவையில்லை. இன்ஜினின் சுழற்சியை விநாடிக்குப் பல நூறு முறை அளக்கும் கணினி, சரியான கணத்தை ஓட்டுநரைவிடத் துல்லியமாகப் பிடிக்கும். கியர் இறக்குவது வேறு கதை. கணினிக்குத் தெரிவது இப்போதைய வேகம், மிதியின் ஆழம், காரின் சாய்வு. 100 மீட்டர் தள்ளி வரும் கொண்டை ஊசி வளைவு பெரும்பாலும் ஓட்டுநரின் கண்ணுக்குத்தான் தெரியும். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போதே இடது தகட்டை இருமுறை இழுத்து மூன்றாம் கியரில் நுழைந்தால், வெளியேறும் இடத்தில் இழுவை தயாராக இருக்கும். ஆட்டோமேட்டிக்கை அதன் போக்கில் விட்டால், பல கார்களில் வளைவின் நடுவில் மிதியை அழுத்தியபின்தான் அது விழித்துக் கியரை இறக்கும். பின் சக்கர இழுவையுள்ள காரில் அந்தத் திடீர் உந்தல் காரைக் குலைக்கவும் கூடும். நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் சூடேறாமல் இன்ஜினால் வேகத்தைப் பிடித்து வைப்பதும் இடது தகட்டின் வேலைதான். கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. பெட்டிகளில் தகடு காட்டும் கியர்கள் கணினி உண்டாக்கிய பாவனைப் படிகள். அங்கே மலையிறக்கம் தவிரப் பெரிய பயனில்லை.

தகட்டின் அமைப்பும் பயனைத் தீர்மானிக்கிறது. ஃபெராரியில் தகடுகள் ஸ்டீயரிங் தண்டோடு நிலையாக நிற்கும். சக்கரத்தைப் பாதி திருப்பியபோதும் வலது தகடு வலப்பக்கமே இருக்கும். போர்ஷே, பி.எம்.டபிள்யூ கார்களில் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். கையை இடம் மாற்றாமல் ஓட்டுபவருக்கு அது வசதி, கையை மாற்றிப் பிடிப்பவர் கூர்மையான வளைவில் தகட்டைத் தேட நேரிடும். உச்சச் சுழற்சியில் கியரைத் தானாக ஏற்றாமல் பிடித்து வைக்கும் கார்தான் தகட்டை மதிக்கும் கார்.

வேகமே எல்லாம் என்றால் மேனுவல் செத்திருக்க வேண்டும். 2013இல் போர்ஷே 911 ஜி.டி.3 காரை பி.டி.கே.யோடு மட்டும் விற்றது. ஆதரவாளர்கள் குறைபட்டார்கள். 2016இல் 991 கார்கள் மட்டும் செய்த 911 ஆர் மேனுவலாக வந்தது, 2017இல் ஜி.டி.3க்கும் மேனுவல் திரும்பியது.

பெரும்பாலான மின்சாரக் கார்களில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. தகடு மட்டும் தங்கிவிட்டது. 2023இல் வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5 என் காரில், மோட்டாரின் இழுவையைக் கணினி வேண்டுமென்றே அறுத்துக் கொடுத்து, 8 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியைப்போல நடிக்கிறது. கியர் ஏற்றாவிட்டால் உச்சச் சுழற்சியில் முட்டி நிற்கவும் செய்கிறது. வேகத்துக்கு அது உதவாது. வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறோம் என்பதை ஓசையாலும் உடலாலும் உணர உதவுகிறது. வேறு பல மின்சாரக் கார்களில் தகடுகள் பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்பும் பிரேக்கின் அளவை மாற்றுகின்றன: இடது தகட்டை இழுத்தால் கார் இறுக்கமாக வேகம் குறையும், வலது தகட்டை இழுத்தால் தளர்ந்து உருளும்.