மணலில் எழுதிய சீகன்பால்கு

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியர் பார்த்தலோமேயு சீகன்பால்குக்கு அகவை 23. நலிந்த உடல், தமிழோ ஓர் எழுத்தும் அறியார். டென்மார்க்கு மன்னரின் ஆணையும் உடன்வந்த புளூட்சோவுமே துணை. வணிகமே குறியாக இருந்த டேனியக் கோட்டையினர்க்கு அவர் வரவு வேண்டாத தொல்லையாயிற்று.

ஐரோப்பியர் பலர் போர்த்துக்கீசியம் கொண்டே காலங்கழித்த கடற்கரை அது. அங்கே இவர் திண்ணைப் பள்ளிச் சிறாரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி நெடுங்கணக்கைக் கற்றார். நெடுங்கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் அக்காட்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். கோட்டை மதிலுக்குள் இருந்தோர்க்கு அது பேதைமையாகவே தோன்றியிருக்கும். அவர்க்கோ, தமிழர் தம் இறைவனைத் தமிழிலேயே அறிதல் வேண்டும் என்னும் உறுதி ஒன்றே பெரிதாயிருந்தது.

1708ஆம் ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவரோடு பூசல் மூண்டது. ஏறத்தாழ நான்கு திங்கள் சிறை. மீண்டவர் பணியைக் கைவிட்டாரல்லர். 1715இல் அவர்தம் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முற்றுப்பெற்றது. இந்திய மொழிகளுள் இதுவே முதலாவது.

ஆயினும் கடுமையான மறுப்பு, அவரை உருவாக்கிய ஆலே நகரிலிருந்தே வந்தது. தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதியனுப்பிய நூலை, அச்சிடத் தகாதது என ஆசான் பிராங்கே ஒதுக்கினார். தாம் மாற்ற வந்த மக்களின் சமயத்தை இத்துணைப் பொறுமையோடு கற்பானேன் என்பது அங்குள்ளோர்க்கு விளங்கவில்லை. சீகன்பால்கு 1719இல், 36ஆம் அகவையில், தரங்கம்பாடியில் மறைந்தார். அந்நூல் 1867இல் சென்னையில் அச்சேறியது.