உள்ளே என்ன இருக்கிறது?

ஹாட் டாக் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். அமெரிக்கர்களுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அதிலிருந்துதான் பெயரே பிறந்தது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஜெர்மானியக் குடியேறிகள் சாசேஜ் விற்றார்கள். கறியை மசிய அரைத்து, மசாலா சேர்த்து, ஆட்டுக்குடலுக்குள் அடைத்து முறுக்கிவிட்டால், உள்ளே இருப்பது எந்தப் பிராணி என்று யார் கண்டது? நாய்க்கறியாக இருக்கும் என்ற கேலி ஊர் ஊராகச் சுற்றியது. 1890களில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் விடுதியருகே நின்ற சாசேஜ் வண்டியை ‘நாய் வண்டி’ என்றே அழைத்தார்கள். கேலி செய்துகொண்டே வாங்கியும் தின்றார்கள்.

இதைவிட அழகான கதை ஒன்றும் உண்டு. 1901இல் நியூயார்க் பேஸ்பால் மைதானம் ஒன்றில் சாசேஜ் விற்றதைப் படமாக வரைந்த டேட் டோர்கன் என்ற கார்ட்டூனிஸ்ட், சாசேஜுக்குச் சூட்டியிருந்த ‘டாக்ஸ்ஹுண்ட்’ என்ற நாயினத்தின் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் ‘டாக்’ என்று எழுதிவிட்டாராம். அந்தப் படத்தைத் தேடியவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. ‘ஹாட் டாக்’ என்ற சொல்லோ 1901க்கு முன்பே அச்சில் வந்துவிட்டது.

இந்தச் சாசேஜ் பிறந்த ஊர் எது என்பதிலும் இழுபறிதான். யோஹான் லானர் என்ற கசாப்புக்காரர் பிராங்க்பர்ட்டில் தொழில் கற்று வியன்னாவில் கடை போட்டார். பிராங்க்பர்ட்டில் பன்றிக்கறிக்காரர் வேறு, மாட்டுக்கறிக்காரர் வேறு. வியன்னாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1805 வாக்கில் அவர் இரண்டையும் கலந்து ஒரு சாசேஜ் செய்தார். வியன்னாக்காரர்கள் அதை ‘பிராங்க்பர்ட்டர்’ என்கிறார்கள். ஜெர்மனியில் கேட்டால் ‘வியன்னா சாசேஜ்’. பெயரை அடுத்த ஊர்மேல் போடுவதில் இரு தரப்புக்கும் ஒரே உற்சாகம்.

அமெரிக்காவில் இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் சார்ல்ஸ் ஃபெல்ட்மன். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் வண்டியில் வைத்து ‘பை’ என்ற பலகாரம் விற்ற ஜெர்மானியர். வந்தவர்கள் சூடாக ஏதாவது கேட்டார்கள். அந்தச் சின்ன வண்டியில் சூடாக என்ன கொடுக்க முடியும்? 1867இல் வண்டியிலேயே ஒரு கரி அடுப்பைப் பொருத்தச் செய்து, சாசேஜை நீள ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். தட்டு வேண்டாம், முள்கரண்டி வேண்டாம், நடந்துகொண்டே தின்னலாம். அந்த வண்டி வளர்ந்து பிரம்மாண்டமான உணவகமாயிற்று.

அங்கே ரொட்டி கீறும் வேலைக்குச் சேர்ந்தவர் நேதன் ஹேண்ட்வெர்க்கர், போலந்து யூதர். 1916இல், சேர்த்து வைத்த 300 டாலரைப் போட்டு அதே கடற்கரையில் தனிக்கடை திறந்தார். முதலாளி கடையில் 10 சென்ட். இவர் கடையில் 5. மசாலாப் பக்குவம் மனைவி ஐடாவுடையது. ஆனால் விலை பாதியானதும் பழைய சந்தேகம் தலைதூக்கியது: இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் உள்ளே என்னதான் இருக்கும்? நேதன் சிலருக்கு டாக்டர்கள் போல வெள்ளைக் கோட்டு மாட்டி, கடை வாசலில் நின்று சாப்பிட வைத்தார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, வியாபாரம் தெரிந்தவன் செய்யக்கூடிய வேலைதான். 1920இல் சப்வே ரயில் கோனி ஐலண்டைத் தொட்டது. கட்டணம் 5 சென்ட். 5 சென்ட்டில் வந்து இறங்கிய கூட்டம் 5 சென்ட் சாசேஜை விட்டு எங்கே போகும்? ஃபெல்ட்மன் உணவகம் 1954இல் மூடப்பட்டது. நேதன் கடை இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சு குறைந்து, மேலே என்ன போடுவது என்ற சண்டை தொடங்கியது. சிகாகோவில் கசகசா தூவிய பன், கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி, ஊறவைத்த வெள்ளரி, பச்சைமிளகாய், செலரி உப்பு என்று ஒரு காய்கறித் தோட்டத்தையே ஏற்றுவார்கள். கெட்சப் கேட்டால் மட்டும் முறைப்பார்கள். மெக்சிகோவின் சொனோராவில் சாசேஜைப் பன்றி பேக்கனால் சுற்றிப் பொரித்து, அவித்த பீன்ஸோடு கொடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் உள்ளடக்கமே வேறு: ஆட்டுக்கறி கலந்த சாசேஜ், அதன்மேல் பச்சை வெங்காயமும் மொறுமொறுவென்று பொரித்த வெங்காயமும்.

சிலே நாட்டில் தக்காளி, மசித்த அவகாடோ, மயோனைஸ் மூன்றையும் சாசேஜே தெரியாத அளவுக்கு அப்பிக் கொடுக்கிறார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை. இத்தாலியக் கொடியின் நிறங்கள் என்பதால் அதற்குப் பெயர் ‘இத்தாலியானோ’. மற்றபடி இத்தாலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.