சால்சு ஆற்றுப் போர்

சால்சு ஆற்றுப் போர், சீனத்தின் சுயி பேரரசுக்கும் கொகுர்யோ அரசுக்கும் இடையே கி.பி. 612ஆம் ஆண்டில் நடந்தது. கொரியத் தீபகற்பத்தின் வடபகுதியையும் மஞ்சூரியாவின் தென்பகுதியையும் கொகுர்யோ ஆண்டுவந்தது. அதன் தளபதி உல்ஜி முந்தொக் இப்போரில் வென்றார். லியாவ் ஆற்றைக் கடந்து கொகுர்யோ தலைநகர் பியோங்யாங் நோக்கிச் சென்ற 3,05,000 சுயி வீரர்களில் 2,700 பேரே மீண்டனர் என்று சீன வரலாற்று நூல்களே குறிக்கின்றன. சால்சு என்பது வட கொரியாவில் இன்று சோங்சோன் எனப்படும் ஆறே என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து.

பின்னணி

நெடுங்காலம் பிளவுபட்டுக் கிடந்த சீனத்தைச் சுயி மரபினர் 589இல் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். 598இல் கொகுர்யோ மன்னர் யோங்யாங், மல்கல் இனக் குதிரைப்படையுடன் லியாவ் ஆற்றுக்கு மேற்கே தாக்குதல் நடத்தினார். பதிலடிக்குப் பேரரசர் வென் அனுப்பிய 3 லட்சம் பேர் கொண்ட படை மழை, நோய், உணவுத் தட்டுப்பாடு, கடற்புயல் ஆகியவற்றால் குலைந்து திரும்பியது.

அடுத்து அரியணை ஏறிய பேரரசர் யாங், 607இல் தமக்கு அடங்கிய கிழக்குத் துருக்கியர் தலைவரின் கூடாரத்துக்குச் சென்றபோது, அங்கே கொகுர்யோவின் தூதரைக் கண்டார். புல்வெளி நாடோடிகளும் கொகுர்யோவும் கைகோத்தால் வட எல்லைக்கு ஆபத்து என்று அவரது அவை கருதியது. கொகுர்யோ மன்னர் நேரில் வந்து பணிய வேண்டும் என்று ஆணை போனது. மன்னர் வரவில்லை.

படைதிரட்டல்

தெற்கின் தானியத்தை வடக்கே கொண்டுசெல்ல 608இல் யோங்ஜி கால்வாய் வெட்டப்பட்டது. இன்றைய பெய்ஜிங் வட்டாரம் படைகள் கூடும் இடமாயிற்று. ஷாண்டோங் கரையில் இரவும் பகலும் கப்பல் கட்டிய தொழிலாளர்கள் தண்ணீரிலேயே நின்றதால் இடுப்புக்குக் கீழே புண்ணாகிப் புழு வைத்தது. பத்தில் மூன்று நான்கு பேர் இறந்தனர். 611இலேயே அந்தப் பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. ஆனாலும் பேரரசர் பின்வாங்கவில்லை.

612 தொடக்கத்தில் புறப்பட்ட படையின் எண்ணிக்கை 11,33,800 என்று சுயி வரலாற்று நூல் கூறுகிறது. சுமைதூக்குவோர் அதைப்போல் இரு மடங்காம். எல்லாப் பிரிவுகளும் கிளம்பி முடிய 40 நாள் ஆயிற்று. இந்த எண்களை அப்படியே ஏற்க ஆய்வாளர் பலர் தயங்குகின்றனர். எனினும் அது மிகப் பெரிய படை என்பதில் ஐயமில்லை.

லியாவ்துங் முற்றுகை

லியாவ் ஆற்றின் குறுக்கே போட்ட மிதவைப் பாலம் எதிர்க்கரையை எட்டாமல் நின்றதால், முதல் மோதலிலேயே சுயி தரப்பு தளபதி ஒருவரை இழந்தது. பின்னர் ஆற்றைக் கடந்து லியாவ்துங் கோட்டையை வளைத்தனர். தம்மைக் கேட்காமல் எந்த நடவடிக்கையும் கூடாது என்றும், எதிரி சரணடைய முன்வந்தால் தாக்குதலை நிறுத்த வேண்டும் என்றும் பேரரசர் கட்டளையிட்டிருந்தார். கோட்டை விழும் நிலைக்கு வரும்போதெல்லாம் உள்ளிருந்தோர் சரணடைவதாக அறிவித்தனர். தளபதிகள் பேரரசருக்குத் தகவல் அனுப்பி விடை பெறுவதற்குள் சுவரைச் செப்பனிட்டுக்கொண்டு மீண்டும் போரிட்டனர். மாதங்கள் கடந்தும் கோட்டை வீழவில்லை.

கடல்வழி வந்த தளபதி லாய், தரைப்படைக்குக் காத்திராமல் 40,000 பேருடன் பியோங்யாங்கைத் தாக்கினார். நகருக்குள் புகுந்து கொள்ளையில் சிதறிய அவரது வீரர்களைப் பதுங்கியிருந்த கொகுர்யோ படை வெட்டி வீழ்த்தியது. சில ஆயிரம் பேரே தப்பினர். தரைப்படைக்கு உணவு தந்திருக்கக்கூடிய கப்பல்கள் இதனால் பயனற்றுப்போயின.

பியோங்யாங் நோக்கி

கோட்டைகளை விட்டுவிட்டு நேரே தலைநகரைப் பிடிக்க, யூவென் ஷு, யூ சுங்வென் ஆகியோரின் கீழ் ஒன்பது படைப்பிரிவுகள் அனுப்பப்பட்டன. ஒவ்வொருவருக்கும் 100 நாள் தானியம், கவசம், ஈட்டி, உடை, கூடாரம் எனச் சுமக்க முடியாத பாரம். தானியத்தை எறிபவரின் தலை போகும் என்று ஆணை. வீரர்கள் கூடாரத்துக்குள் குழி தோண்டித் தானியத்தைப் புதைத்துவிட்டு நடந்தனர். பாதி வழியிலேயே உணவு தீரத் தொடங்கியது. பின்னால் நடந்தவற்றுக்கு இந்தக் குழிகளும் ஒரு காரணம்.

யாலு ஆற்றங்கரையில் உல்ஜி முந்தொக் சரணடைவதாகச் சொல்லிச் சுயி முகாமுக்கே வந்தார். அவரைப் பிடிக்கும்படி இரகசிய ஆணை பெற்றிருந்த யூ சுங்வென், அதிகாரி ஒருவரின் தடையால் அவரைப் போகவிட்டு, பிறகு வருந்தினார். வீரர்களின் முகத்தில் பசியைக் கண்டுகொண்ட முந்தொக் அவர்களை மேலும் அலையவிட முடிவு செய்தார். உணவு இல்லை, திரும்புவோம் என்றார் யூவென் ஷு; யூ சுங்வென் இணங்கவில்லை. ஒரே நாளில் ஏழு முறை தோற்பதுபோல் தோற்று முந்தொக் பின்வாங்க, சுயி படை சால்சுவைக் கடந்து பியோங்யாங்குக்கு 30 லீ (சீனத் தொலைவு அளவு) தொலைவில் பாளையமிட்டது.

அப்போது முந்தொக், யூ சுங்வெனின் திறமையைப் புகழ்ந்து, இத்துடன் நிறைவடையலாமே என்று குத்தும் நாலடிக் கவிதை ஒன்றை அனுப்பினார். கொரியர் சீன மொழியில் எழுதிக் கிடைக்கும் மிகப் பழைய கவிதைகளுள் அது ஒன்று. படை திரும்பினால் மன்னர் பேரரசரை வந்து காண்பார் என்றும் தூது வந்தது. களைத்திருந்த யூவென் ஷு அதையே சாக்காக வைத்துப் பின்வாங்கினார்.

ஆற்றில் நடந்தது

சுயி படை சதுர அணியில் திரும்பியது. கொகுர்யோ படை நாற்புறமும் தொல்லை கொடுத்தது. ஏழாம் மாதத்தில் சால்சுவில் பாதிப்படை கடந்திருந்தபோது பின்படைமீது முந்தொக் பாய்ந்தார். பின்படைத் தளபதி சின் ஷிசியோங் கொல்லப்பட்டார். அணிகள் குலைந்து, எஞ்சியோர் ஒரு பகல் ஓர் இரவில் 450 லீ ஓடி யாலுவை அடைந்தனர். வெய் வென்ஷெங்கின் பிரிவு மட்டுமே குலையாமல் மீண்டது. பேரரசர் யூவென் ஷுவைச் சங்கிலியிட்டு அழைத்துச்சென்றார். முந்தொக்கைப் போகவிடச் சொன்ன அதிகாரிக்கு மரண தண்டனை கிடைத்தது.

விளைவுகள்

613இல் பேரரசர் மீண்டும் படையெடுத்தார். தானியம் அனுப்பும் பொறுப்பில் இருந்த யாங் சுவான்கானே கிளர்ந்தெழுந்ததால் படை திரும்பியது. 614இல் மூன்றாம் படையெடுப்பு பெயரளவுச் சமாதானத்தில் முடிந்தது. நாடெங்கும் கலகம் பரவ, 618இல் பேரரசர் கொல்லப்பட்டார். சதிக்குத் தலைமை தாங்கியவர் யூவென் ஷுவின் மகன். சுயி மரபு அத்துடன் சரிந்தது. அடுத்து வந்த தாங் அரசு, சுயி வீரர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைக்க 631இல் ஆள் அனுப்பியது. கொகுர்யோவும் 668இல், தாங் அரசும் கொரியாவின் மற்றோர் அரசான சில்லாவும் சேர்ந்த கூட்டணியிடம் வீழ்ந்தது.

கதையும் நினைவும்

முந்தொக் ஆற்றை அணைகட்டித் தடுத்து, எதிரி நடுவில் வந்ததும் வெள்ளத்தைத் திறந்துவிட்டார் என்ற கதை கொரியாவில் பரவலாகச் சொல்லப்படுகிறது. சுயி வரலாற்று நூலிலும் 1145இல் முடிந்த கொரியாவின் சம்குக் சாகியிலும் அணை பற்றிய பேச்சே இல்லை. பசித்துத் திரும்பும் படை ஆற்றில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நேரம் தாக்குபவருக்கு வெள்ளம் தேவைப்படுவதில்லை. ஏழு துறவிகள் ஆற்றில் இறங்கி நடந்து, ஆழமில்லை என்று சுயி படையை நம்பவைத்ததாக இன்னொரு மரபுக்கதையும் உண்டு.

ஜப்பானிய ஆதிக்கம் இறுகிவந்த 1908இல் வரலாற்றறிஞர் சின் சேஹோ முந்தொக்கின் வரலாற்றை எழுதி, அவரை நாட்டுப்பற்றின் அடையாளமாக்கினார். விடுதலைக்குப் பின் 1946இல் சியோலின் முக்கியத் தெரு ஒன்றின் ஜப்பானியப் பெயர் நீக்கப்பட்டு, உல்ஜிரோ என்று அவர் பெயர் சூட்டப்பட்டது.