பழஞ்சீலையின் கணக்கு

மட்டக்களப்பிலிருந்து வடக்கே போகும் வீதியில் ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்தால் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்றே வெளியூரார் பலர் இதை அறிவார்கள். இந்த ஊரிலும் சுற்றியுள்ள வாவிக்கரை ஊர்களிலும் பிள்ளைக்கு விரிக்கவும் சுற்றவும் பழஞ்சீலை கிழித்துவைத்த வழக்கத்தைப் பற்றி இன்று பேசுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "அந்தக் காலத்தில் ஒரு சதம் செலவில்லை, இப்போதுதான் பம்பர்சுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம்" என்று ஏங்குவோர் ஒரு கட்சி. "வக்கில்லாமல் செய்ததை மரபு என்று தூக்கிவைக்காதே" என்போர் மறு கட்சி. இரு கட்சிக்கும் கண் துணிமேலேயே இருக்கிறது. அந்த வழக்கத்தில் துணிக்கு இருந்த பங்கு மிகச் சிறியது. வீட்டின் தரை, கிணறு, வெயில், கச்சான் காற்று, தாயின் தாய், ஊர் வண்ணாத்தி எல்லாம் கூடித்தான் அந்தச் சீலையை மலிவாக்கின. அவை ஒவ்வொன்றாக நழுவிய இடத்தில்தான் பம்பர்ஸ் வந்து உட்கார்ந்தது. துணி நெப்பி வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று இன்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தப் பழைய கதை உதவும்.

துணியிலிருந்தே தொடங்குவோம். புதுப் பருத்தித் துணி ஈரத்தை இலேசில் உறிஞ்சாது. பருத்தி நாரின்மேல் இயல்பாகவே மெழுகுப் படலம் உண்டு. தறியில் ஏற்றும்போது நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி தோய்ப்பார்கள், அது வேறு. பல தடவை துவைத்து வெளுத்த பிறகே இவை கழிந்து, நார் தளர்ந்து, துணி மெத்தென்று ஆகும். ஆகவே ஒரு பெண் சில வருடம் உடுத்து வெளுத்த சீலை பிள்ளையிடம் வரும்போதுதான் அந்த வேலைக்குப் பதமாகியிருக்கும். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது, கண்ணூறு படும் என்ற பேச்சுக்குப் பின்னால் இந்தக் கையறிவு இருந்திருக்கலாம். பழசைத் தவிர வேறில்லாத வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமான காரணமாகவும் அது இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே வாயில் வரக்கூடியவைதான். கல்முனைக்கு அருகே உள்ள மருதமுனை கைத்தறிச் சாரத்துக்கும் சீலைக்கும் இன்றும் பெயர்போன ஊர். அப்படிப்பட்ட ஆறு யார்ச் சீலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 5.5 மீற்றர், அகலம் 1.1 மீற்றர். 55 சென்ரிமீற்றர்ச் சதுரங்களாகக் கிழித்தால் சேதாரமில்லாமல் 20 துண்டு. உடுத்தவளுக்குச் சீலையாகவும், பிறகு ஏணையாகவும், கிழிந்த பிறகு பிள்ளைத்துணியாகவும், அதற்கும் பின் சட்டி பிடிக்கும் துணியாகவும், கடைசியில் விளக்குத் திரியாகவும் அது உழைத்தது. இத்தனை பிறவி எடுத்த பொருளின் விலையை எந்தப் பிறவியில் எழுதுவது? பிள்ளைத்துணியின் கணக்கில் அது பூச்சியம்தான்.

ஆனால் அந்த இருபதும் நாம் இன்று கற்பனை செய்வதுபோல இடுப்பில் முடியப்பட்டவை அல்ல. பகலில் பிள்ளை அரைஞாணோடு கிடக்கும். துணி அதன் கீழே கிடக்கும். வளையில் சீலை கட்டித் தொங்கவிட்ட ஏணையில் தூங்கினால் நனைந்தது துணி வழியே சொட்டும்; கீழே சாணி மெழுகிய தரையோ மண்ணோ அதைக் குடிக்கும். கசிவு என்பது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை, ஏனென்றால் கசிந்து கெட்டுப்போக எதுவும் இல்லை. முக்கோணமாக மடித்து ஊசி குத்தும் நெப்பி ஆங்கிலேயர் காலத்துப் பழக்கம். அந்தச் சொல்லும் அவர்களோடு வந்ததுதான். அமெரிக்காவில் மரியன் டொனவன் என்ற தாய் 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி நெப்பிக்கு மேலே போடும் நீர்புகா உறையைத் தைத்ததும், 1951இல் அதற்குக் காப்புரிமை பெற்றதும், நனைந்து நாறும் படுக்கையோடு மல்லுக்கட்டிய களைப்பினால்தான். 1961இல் பம்பர்ஸ் சந்தைக்கு வந்தது. 1980களில் அதன் பஞ்சுக்குள் நீரைக் கூழாக்கிப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள் சேர்ந்தது. இந்த வரலாற்றை மெத்தையின் வரலாறு என்று சொன்னாலும் தகும். வந்தாறுமூலையிலும் சீமெந்துத் தரை, மாபிள், பஞ்சு மெத்தை, பஸ் பயணம், கிளினிக் வரிசை என்று வாழ்க்கை மாறியபோதுதான் பிள்ளையின் மூத்திரம் ஒழுகத் தொடங்கியது. அதுவரை அது வெறுமனே போய்க்கொண்டிருந்தது.

தரைக்கு அடுத்தது ஆட்களின் கவனம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலில் இருத்தி, வாயால் ஒரு ஒலி எழுப்பிப் போகவைப்பது தெற்காசியத் தாய்மார் பலருக்கும் பழகிய வேலை. இதைக் கேட்டால் புன்னகைக்கும் மருத்துவர்கள் உண்டு; பிள்ளைக்கு அந்த வயதில் அடக்கத் தெரியாது என்பார்கள். கிழக்காபிரிக்காவின் டிகோ மக்களிடையே டிவிரிஸ் தம்பதியர் செய்து 1977இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாறு மாதக் குழந்தைகளே பெரும்பாலும் நனைக்காமல் இருந்ததைப் பதிவு செய்தது. குழந்தை அடக்கியது என்பதைவிடத் தாய் குறிப்பறிந்தாள் என்பதே பொருத்தமாக இருக்கும். எப்படியானாலும் நனையும் துணி குறைந்தது. அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை, பிள்ளையை விட்டுக் கண் எடுக்காத ஒரு ஆள், நாள் முழுவதும்.

அந்த ஆள் யார் என்பதில் மட்டக்களப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மானிடவியலாளர்களான நூர் யல்மன் 1967இலும் டெனிஸ் மெக்கில்வ்ரே பின்னர் விரிவாகவும் எழுதிய தாய்வழிக் குடி அமைப்பில் வீடும் காணியும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும்; கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் வந்து சேருவார். பிள்ளை பெற்றவள் தன் தாயின் வீட்டிலோ அதே வளவிலோ இருப்பாள். அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் கிணற்றடிக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். புகுந்த வீட்டில் ஒற்றையாய் நிற்கும் மருமகளுக்குக் கிடைக்காத வசதி இது. பிரசவத் துடக்கு 31 நாள், முஸ்லிம்களுக்கு 40. துடக்கு நாட்களின் துணி வண்ணாத்திக்குப் போகும். அவள் கொண்டுவரும் வெளுத்த மாற்றுத் துணி வீட்டுக்கு வரும். மிக அழுக்கான முதல் மாதம் இப்படி வீட்டுக்காரியின் கையை விட்டு இன்னொருத்தியின் கைக்குப் போயிற்று. "பீ மூத்திரம் அள்ளி வளர்த்தவள்" என்று தாயைச் சொல்லும் தமிழ், அந்த முதல் மாதத்து அள்ளலில் பங்கெடுத்தவளுக்கு ஒரு சொல் வைக்கவில்லை. அவளுக்கு நெல் கொடுத்தோமே, சடங்கில் வரிசை கொடுத்தோமே, கட்டாடியார் என்று மரியாதையாகத்தானே அழைத்தோம் என்று ஒரு மறுப்பு வரும். கொடுத்தது உண்மைதான். ஆனால் மாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்த நெல்லோடு சேர்த்துக் கொடுக்கப்படவில்லை. இந்த வேலைக்கு இருந்த குடிமை ஊழியம் என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. படிப்பும் வேறு தொழிலும் கிடைத்ததும் அடுத்த தலைமுறை முதலில் உதறியது இந்தத் துடக்குத் துணியை என்றால், அதில் மரபு அழிந்துபோயிற்று என்று வருந்த எதுவும் இல்லை.

மற்ற நழுவல்கள் இவ்வளவு நியாயமானவை அல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் துணிக்குத் தட்டுப்பாடு. அரசின் சலுசல துணிக்கடை வாசலில் வரிசை. உள்ளூர்த் தறிக்கு மட்டும் நல்ல காலம். 1977இல் சந்தை திறந்ததும் செயற்கை இழைச் சீலை வெள்ளமாக வந்தது. கசங்காது, சாயம் போகாது, ஒரு மணித்தியாலத்தில் காயும். வேலைசெய்யும் பெண்ணுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் காற்றின் ஈரத்தில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை பிடித்துவைக்கும். பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூடப் பிடிக்காது. அது பழசானாலும் பிள்ளைக்கு உதவாது. வீட்டுக்குள்ளேயே விளைந்துகொண்டிருந்த பொருள், யாரும் கவனிக்காமல், கடையில் வாங்கும் பொருளாயிற்று. பிறகு போர். 1990இல் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாயிற்று. பல்லாயிரம் பேருக்கு அங்கே கிணறு எத்தனை இருந்திருக்கும்? செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் உழைக்கப் போகவேண்டியிருந்தது. கிணற்றடியில் இருந்த கை குறைந்தது. மாவட்டத்திலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்று 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்தது. நாடு கடனில் மூழ்கி டொலருக்குத் தவித்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளை வளர்ப்பில் ஒரு தாயின் கை எத்தனை வருடத்துக்குத் தேவை என்பதை டொலர்க் கையிருப்புத் தீர்மானித்த கதை இது. அதே வருடம் ரூபாய் சரிந்து இறக்குமதிச் சரக்குகள் விலையேற, பம்பர்சும் ஏறியது. துணிக்குத் திரும்புங்கள் என்ற அறிவுரை மலிந்தது. துவைக்கும் ஆள் வேலைக்குப் போன வீட்டுக்கு அந்த அறிவுரை போய்ச் சேர்ந்தது.

துணியும் சூழலுக்கு நல்லதல்ல, தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பார்கள். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது: இரண்டரை வருடத்துக்கு, வீசியெறியும் நெப்பி 550 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம், துணி நெப்பி 570 கிலோ. ஆனால் அந்த அறிக்கையே சொல்கிறது: இயந்திரம் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே பாவித்தால் துணியின் கணக்கில் 200 கிலோ குறையும், எப்போதும் உலர்த்தி இயந்திரத்தில் போட்டால் 43 சதவீதம் கூடும். சுமை துணியில் இல்லை, துவைக்கும் முறையில் இருக்கிறது. வந்தாறுமூலைக் கொடியில் கச்சான் காலத்தில் காயும் துணிக்கு அந்த 570 பொருந்தவே பொருந்தாது. சுகாதாரம் பற்றிய மறுப்புக்கு இவ்வளவு வலுவான பதில் என்னிடம் இல்லை. ஈரத்துணி தோலில் கிடந்தால் பிள்ளைக்குப் புண்ணாகும். இரவு முழுக்க உலர்வாக வைப்பதில் பம்பர்ஸ் துணியை வெல்லும். இரவுக்கும் பஸ்ஸுக்கும் அதை வைத்துக்கொண்டு பகலைத் துணிக்கு விட்டால் யாருடைய மரபும் கெட்டுவிடாது.

அப்படியானால் எதை வாங்குவது? உறையும் பஞ்சும் சேர்த்துத் தைத்து அழகான படம் போட்டு வரும் நெப்பி பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் அடுக்கடுக்காகத் தைத்த துணி காயாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும் அடிக்கும் ஊரில் இது சின்ன விசயமல்ல. ஒற்றைத் துணிச் சதுரத்தை விரித்துப் போட்டால் காற்றுப் பட்ட உடனே காயும், மடித்தால் தடிக்கும், பிள்ளை வளர வளர மடிப்பை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த பிள்ளைக்கு நாளுக்குப் பத்துத் தடவையாவது மாற்றவேண்டும். தினமும் துவைத்தால் 20 துண்டு போதும், மழைக்காலத்துக்கு 40. மேலே போட நீர்புகா உறை மூன்று. இதற்கு எதிரே, நாளுக்கு ஆறு பம்பர்ஸ் என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு 4,380. புதுத் துணியானால் கட்டுமுன் பல தடவை துவைத்துக் காயப்போடவேண்டும். வாசனைக்காகக் கடையில் விற்கும் துணி மென்மையாக்கியைச் சேர்த்தால், துவைத்துப் போக்கிய மெழுகைத் திரும்பப் பூசிய கதையாகிவிடும்.

பழசே வேண்டுமென்றால் அலுமாரியில் சீலையைத் தேடிப் பயனில்லை; பெரும்பாலும் நைலோனும் பொலியெஸ்டருமே கைக்கு அகப்படும். வெளுத்து வெளுத்து மெத்தென்றான பருத்தி என்று இன்று வீட்டில் எஞ்சியிருக்கக் கூடியது ஆண்களின் சாரம். இரண்டு மீற்றர்ச் சாரமொன்றில் 55 சென்ரிமீற்றர்த் துண்டு ஆறு தேறும். அப்பா, மாமா, அப்பப்பா என்று நாலு சாரம் கிழித்தால் முதல் பிள்ளைக்குத் துணி முடிந்தது. சாரத்தைக் கொடுத்தவர்கள் விடிய எழும்பி வாளியையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்களா என்பதை அந்தந்த வீட்டில்தான் கேட்டுக்கொள்ளவேண்டும்.