சோழமண்டலம்: கலைஞர்கள் கண்ட ஊர்

முடிச்சூரிலிருந்து தாம்பரம் கடந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைக் காணலாம். அதன் காட்சிக்கூடங்களைப் போலவே அது பிறந்த வரலாறும் அறியத்தக்கது.

1960களில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று வெளிவந்த இளைஞர்முன் ஒரு வினா நின்றது. ஓவியத்தை நம்பினால் உணவில்லை. வேறு வேலைக்குச் சென்றால் ஓவியம் நின்றுவிடும். கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் வழி காட்டினார். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அவ்வருவாயைத் திரட்டிக் கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கினர். 1966இல் கிராமம் உருவாயிற்று. கைத்தொழில் வயிற்றைக் காத்தது; ஓவியமும் சிற்பமும் சந்தைக்கு அஞ்சாது வளர்ந்தன.

பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்துகள் பொருளைத் துறந்து வெறும் கோடுகளாக நிற்கின்றன. சொல்லையே நம்பி வாழும் கவிஞர்கள் அவற்றின்முன் சற்று நிற்கவேண்டும். அவர் 1977இல் மறைந்தார். சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைப் பேணும் அருங்காட்சியகம் 2009இல் அங்குத் திறக்கப்பெற்றது.

கைப்பொருள் செலவிட்டுக் கவிதை நூல் அச்சிடும் நமக்கு, உழைப்பை ஒன்றுசேர்த்து ஊர் கண்ட அக்கலைஞர்கள் அயலார் அல்லர்.