ஒஸ்ட்ராவாவின் 18 பிள்ளைகளும் ஒரு ஐக்யூ டெஸ்ட்டும்

இந்த எபிசோடில் நாம போகப்போவது செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரத்துக்கு. போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நிலக்கரி, எஃகு ஊர். 1990களின் கடைசியில் அங்கே 18 பிள்ளைகளின் பெயரில் ஒரு வழக்கு ஆரம்பித்தது. புகார் ரொம்ப எளிமையானது: எங்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு கிடையாது. ஆனாலும் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கான பள்ளியில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். காரணம், நாங்கள் ரோமா.

ரோமா யாரு? "ஜிப்சி" என்றால் நமக்கு முதலில் மாருதி ஜீப்தான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லே ஒரு குழப்பத்தில் பிறந்தது. இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் நினைத்தார்கள், 'எஜிப்ஷியன்' தேய்ந்து 'ஜிப்சி' ஆனது. பல ரோமா மக்கள் அதை வசைச்சொல்லாகவே பார்க்கிறார்கள், அதனால் நான் ரோமா என்றே சொல்கிறேன். உண்மையில் அவர்களுடைய வேர் இந்தியாவில், வட இந்தியாவில். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கிளம்பியவர்கள். அவர்களுடைய ரோமானி மொழியில் தண்ணீருக்கு 'பானி', காதுக்கு 'கான்', நெருப்புக்கு 'யாக்'. ஆபீஸில் ஹிந்தி பேசுகிற நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்க, பாதி புரியும். எண்களில் இன்னும் சுவாரஸ்யம். ஐந்து, பத்து எல்லாம் இந்திய வேர்ச்சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கம். போன வழி மொழியில் பதிவாகியிருக்கிறது, ஒரு லாக் ஃபைல் மாதிரி.

சரி, செக் நாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இன்றைய செக் பகுதியில் சுமார் 6,500 ரோமா இருந்தார்கள். நாஜி ஆக்கிரமிப்பில் லெட்டி என்ற இடத்தில் ஒரு முகாம் நடந்தது. 1942 ஆகஸ்ட்டில் தொடங்கி ஒரே வருடம். 1,300 பேர் வரை அடைக்கப்பட்டார்கள், 300-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 500-க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தபோது வதைமுகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிய செக் ரோமா 600-க்கும் குறைவு. 1970களில் அந்த முகாம் இருந்த இடத்தில் ஒரு பன்றிப் பண்ணை கட்டினார்கள். அதை இடிக்கத் தொடங்கியது 2022-ல், நினைவிடம் திறந்தது 2024-ல். இதை எந்த விளக்கமும் இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிறேன்.

இப்போது அங்கே இருக்கிற ரோமா மக்களில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும்தான். தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும், அதனால் ஒஸ்ட்ராவா போன்ற ஊர்களுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. 1989-க்குப் பிறகு அந்த வேலைகள்தான் முதலில் போயின. வேலை போனதும் வாடகை பாக்கி, வாடகை பாக்கியானதும் ஊருக்கு ஓரமாக ஒரு பழைய கட்டடம். இதே காலத்தில்தான் நம்ம 18 பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வயதுக்கு வந்தார்கள்.

அந்த நாட்டில் 'சிறப்புப் பள்ளி' என்று தனியாக ஒரு வகை இருந்தது. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். சாதாரணப் பாடத்திட்டத்தைக் குறைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. அங்கே படித்து வந்தால் அதற்கு அப்புறம் ஒரு தொழிற்பயிற்சி, பெரும்பாலும் அவ்வளவுதான். உள்ளே போவதற்கு மூன்று படிகள்: உளவியல் நிலையத்தில் டெஸ்ட், பெற்றோர் கையெழுத்து, தலைமையாசிரியர் முடிவு.

இந்த நடைமுறையில் எங்கேயுமே 'ரோமா' என்ற வார்த்தை கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால், கோடில் இனம் என்று ஒரு ஃபீல்டே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே டெஸ்ட், ஒரே படிவம். அரசாங்கத்தின் வாதமும் கடைசி வரை இதுதான்.

ஆனால் டெஸ்ட் செக் குழந்தைகளை மனதில் வைத்துத் தயாரித்தது. வீட்டில் ரோமானியோ, ரோமானி கலந்த செக்கோ பேசுகிற, பாலர் பள்ளிப் பக்கமே போகாத ஆறு வயதுக் குழந்தை அதன் முன்னால் உட்கார்ந்தால் என்ன மார்க் வரும்? அந்தக் குழந்தைக்கு செக் எவ்வளவு தெரியும் என்பதை அந்த டெஸ்ட் ஓரளவு அளந்திருக்கும். அந்த அளவை எடுத்து 'அறிவுத்திறன்' என்ற நெடுவரிசையில் எழுதிவிட்டார்கள்.

அடுத்து கையெழுத்து. சில பெற்றோர் ஏற்கெனவே நிரப்பப்பட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் கையெழுத்துத் தேதி, பள்ளியில் சேர்த்த தேதிக்குப் பிந்தையது. அதாவது முதலில் சேர்த்தாச்சு, அப்புறம் சம்மதம். இரண்டிலுமே தேதியைக் கையால் திருத்தியிருக்கிறார்கள், ஒன்றில் தட்டச்சுப் பிழை என்று ஆசிரியரின் குறிப்பும் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதைப் படித்தபோது சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது எனக்கு.

பெற்றோர் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஈஸியா கேட்டுவிடலாம். சாதாரணப் பள்ளியில் உங்கள் பிள்ளை வகுப்பிலேயே ஒரே ரோமா, கிண்டலும் கேலியும். சிறப்புப் பள்ளியில் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டில் எதை எடுப்பீர்கள்?

இப்போ இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இது ஒரு தனிக் குழந்தையின் துரதிர்ஷ்டம் இல்லை என்று காட்ட எண்ணிக்கை வேண்டும். அரசிடம் நம்பகமான எண்ணிக்கை இல்லை. அதனால் வழக்குத் தரப்பினர் 1999-ல் ஒஸ்ட்ராவாவின் 8 சிறப்புப் பள்ளிகள், 69 தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து விவரம் வாங்கினார்கள். அப்போது புடாபெஸ்டில் இருந்த ஐரோப்பிய ரோமா உரிமை மையம் வழக்கின் பின்னால் இருந்தது.

வந்த எண்கள்: சிறப்புப் பள்ளிகளில் மொத்தம் 1,360 மாணவர்கள், அதில் 762 பேர் ரோமா. தொடக்கப் பள்ளிகளில் 33,372 மாணவர்கள், அதில் ரோமா 2.26 சதவீதம், அதாவது சுமார் 754. ஒரு தாளில் போட்டுப் பாருங்க. ஊரில் உள்ள ரோமா பிள்ளைகளில் 50.3 சதவீதம் சிறப்புப் பள்ளியில். மற்ற பிள்ளைகளில் 1.8 சதவீதம். 27 மடங்குக்கும் அதிகம். பெருக்கல், வகுத்தல் தவிர வேறெதுவும் தேவைப்படாத கணக்கு.

இதை எடுத்துக்கொண்டு செக் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1999 அக்டோபரில் பதில் வந்தது: ஒட்டுமொத்தச் சமூகச் சூழலை எடைபோடுவது எங்கள் வேலை இல்லை. தனித்தனி வழக்கைத்தான் பார்ப்போம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலும் பக்காவாக இருக்கும், டெஸ்ட் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-ல் அங்கேயும் 6-க்கு 1 என்று தோற்றார்கள். மேல் அமர்வுக்குக் கொண்டுபோனார்கள். 2007 நவம்பர் 13-ல் 13-க்கு 4 என்று தீர்ப்பு மாறியது. 'டி.எச். மற்றும் பிறர் எதிர் செக் குடியரசு' என்று தேடினால் கிடைக்கும்.

அந்தத் தீர்ப்பு சொன்னது: விதி நடுநிலையாக எழுதப்பட்டிருந்தாலும், அதன் விளைவு ஒரு இனத்தின் மேல் அளவுக்கு மீறி விழுந்தால் அது மறைமுகப் பாகுபாடு. உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை அதைக் காட்டினால் விளக்கம் சொல்லும் பொறுப்பு அரசுக்கு. இன்னொன்று, பாகுபாட்டுக்கு யாரும் கையெழுத்துப் போட்டு சம்மதம் தர முடியாது. இந்த யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவில் 1971-லேயே, டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் வேலைத் தேர்வு பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஐரோப்பா இதைச் சொல்ல 36 வருஷம் ஆனது.

எதிர்த்து எழுதிய நீதிபதிகளின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறு பல நாடுகளில் ரோமா குழந்தைகள் பள்ளிக்கே போவதில்லை, அங்கெல்லாம் வழக்கு இல்லை, ஏதோ செய்ய முயன்ற நாடு மாட்டிக்கொண்டது என்றார்கள். முட்டாள்தனமான வாதம் இல்லை இது. ஆனால் அந்த முயற்சியின் பலன் பாதிப் பிள்ளைகளைக் குறைந்த பாடத்திட்டத்தில் உட்கார வைப்பது என்றால், அதைச் சலுகை என்று எப்படிக் கணக்கில் எடுப்பது?

ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு. தீர்ப்பு வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு 16-லிருந்து 22 வயது. பள்ளிப் பருவம் முடிந்தே போயிருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? தீர்ப்புக்கு முன்பே, 2005-ல் சிறப்புப் பள்ளி என்ற வகையைச் சட்டம் ஒழித்துவிட்டது. வந்தது 'நடைமுறைப் பள்ளி'. பல ஊர்களில் அதே கட்டடம், அதே ஆசிரியர், அதே குறைந்த பாடம். நம்ம ஊர் ப்ரோகிராமர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: வேரியபிள் பெயரை மாற்றினால் பக் போகாது. 2012-ல் செக் மக்கள் உரிமைப் பாதுகாவலர் அலுவலகம் ஆய்வு செய்தபோது அந்தப் பள்ளிகளில் ரோமா மாணவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றுதான் மதிப்பீடு. 2014-ல் ஐரோப்பிய ஆணையம் செக் அரசின் மேல் நடவடிக்கை தொடங்கியது.

அதன் பிறகுதான் கொஞ்சம் நிஜமான மாற்றம். 2016-ல் லேசான குறைபாட்டுக்கான தனிப் பாடத்திட்டம் எடுக்கப்பட்டது. சாதாரண வகுப்புக்குள்ளேயே துணை ஆசிரியர், கூடுதல் உதவி என்று பணம் ஒதுக்கப்பட்டது. 2017-லிருந்து பள்ளிக்கு முந்தைய ஒரு வருடம் பாலர் பள்ளி எல்லாருக்கும் கட்டாயம். அந்த ஆறு வயதுக் குழந்தை செக் மொழியை முதன்முதலாகச் சந்திப்பது பரீட்சை மேஜையில் இருக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

ஆனால் பள்ளியை மட்டும் மாற்றினால் போதுமா? வாரக் கணக்கில் ஹாஸ்டல் அறை மாறுகிற குடும்பத்துக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கும்? ப்ர்னோ நகரத்தில் 2016-ல் வீடில்லாத குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள், 421 வந்தது. அவற்றில் நிறைய ரோமா குடும்பங்கள். குலுக்கலில் 50 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் நேராக நகராட்சி வீடு கொடுத்தார்கள், கூடவே சமூகப் பணியாளர் உதவி. மற்ற குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அசல் ஏ/பி டெஸ்ட். "இவங்களுக்கு வீடு கொடுத்தா வெச்சுக்கத் தெரியாது" என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஒரு வருடம் கழித்து 50-ல் 48 குடும்பங்கள் அதே வீட்டில் இருந்தன.

மீதிக் குடும்பங்களுக்கு வீடு வேண்டும், அதற்கு நகராட்சி மனசு வைக்க வேண்டும், அதற்கு ஓட்டு வேண்டும். 2015 கணக்குப்படி நாட்டில் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் 606. ஒஸ்ட்ராவா தீர்ப்பின் அமலாக்கத்தை, அது வந்து 15 வருஷம் தாண்டிய பிறகும், ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர் குழு கண்காணித்துக்கொண்டிருந்தது.

அடுத்த எபிசோடில் ருமேனியாவுக்குப் போகிறோம். ரோமா மக்கள் 1850கள் வரை அங்கே அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதுவரை, பார்த்துக்கோங்க.