ஸ்டூடன்ட்-அத்லீட்: ஒரு சொல்லை வைத்து நடந்த எழுபது வருட ஆட்டம்

இந்த வாரம் அமெரிக்கா. அதிலும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால். நம்ம ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு, பந்தைக் கையில் அணைச்சுக்கிட்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுற ஆட்டம். விதிகள் தெரியலைன்னாலும் பரவாயில்லை. நாம பேசப்போறது களத்துக்கு வெளியே நடந்ததைத்தான்.

ஒரு அளவு மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். நம்ம சேப்பாக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அங்கே ஆடுவது காலேஜ் பசங்க. 2021 வரைக்கும் அந்தப் பசங்க ஒரு ஜெர்சியில் கையெழுத்துப் போட்டு விற்றால்கூட அது குற்றம், ஆடத் தடை. ஏன் இப்படி? அதைப் புரிஞ்சுக்க ஒரு மரணத்தில் இருந்து ஆரம்பிக்கணும்.

கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் என்று ஒரு சின்னக் கல்லூரி. 1955-ல் அதன் அணியில் ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு மனு போட்டார். கல்லூரி அவருக்கு உதவித்தொகை கொடுத்தது, அவர் கல்லூரிக்காக ஆடினார், ஆடும்போது செத்தார். அப்போ இது வேலையில் நடந்த விபத்தா, இல்லையா?

இது கற்பனையான கேள்வி இல்லை. 1953-லேயே அதே கொலராடோ உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தது. டென்வர் பல்கலைக்கழக வீரர் எர்னெஸ்ட் நெமெத் பயிற்சியில் முதுகில் அடிபட்டார். அவருக்குக் கல்லூரி வளாகத்தில் ஒரு சின்ன வேலையும் சாப்பாடும் கொடுத்திருந்தார்கள். அணியில் ஆடினால்தான் அந்த வேலை என்பதால், அவரை ஊழியராகத்தான் கருதணும், இழப்பீடு கொடுங்க என்றது நீதிமன்றம்.

இதைப் படிச்சு அதிர்ந்துபோனவர்களில் முக்கியமான ஆள் வால்டர் பயர்ஸ். கல்லூரி விளையாட்டுகளை ஆளுகிற என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் முதல் நிர்வாக இயக்குநர். 1951-ல் இருந்து 1987 வரை அந்த நாற்காலி அவருடையது. நாட்டில் இருக்கிற எல்லா வீரர்களும் ஊழியர்கள் ஆகிவிட்டால் காப்பீடு, சம்பளம், வரி, தொழிற்சங்கம் எல்லாம் வரிசையா வருமே! அதனால் அவர் அலுவலகம் ஒரு சொல்லை உருவாக்கியது. ஸ்டூடன்ட்-அத்லீட். வீரர் என்று தனியா சொல்லாதீங்க, மாணவர் என்று தனியா சொல்லாதீங்க, எங்கேயும் இதையே எழுதுங்க என்று விதிகளுக்குள் புகுத்தினார்கள். இது நான் ஊகிச்சு சொல்றது இல்லை. பயர்ஸே ஓய்வுக்குப் பிறகு, 1995-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் காரணத்தோடு ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே வீரர்களைச் சுரண்டுவது பற்றிய பேச்சுதான்.

டென்னிசனின் மனைவிக்கு என்ன ஆச்சு? 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லையாம்.

அப்படியென்றால் அதற்கு முன்னால் காலேஜ் விளையாட்டு காசு வாடையே இல்லாத புனித விஷயமா இருந்ததா? சுத்தமா இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டியே ஒரு படகுப் போட்டி, 1852-ல், ஹார்வர்டும் யேலும். செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. அந்தப் பக்கம் சுற்றுலா வர ஆள் வேணும் அவர்களுக்கு. முதல் நாளே ஸ்பான்சர் இருந்தார், புரியுதா?

ஃபுட்பால் வந்த பிறகு இன்னும் கூத்து. 1896-ல் வெஸ்ட் வர்ஜீனியாவுக்காக ஆடிக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட், சீசன் நடுவிலேயே லஃபாயெட் கல்லூரிக்கு மாணவராகப் போய்ச் சேர்ந்தார். சேர்ந்த கையோடு ஒரு பெரிய மேட்ச், தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த பென்சில்வேனியாவுக்கு எதிராக. லஃபாயெட் 6-4 என்று ஜெயித்தது. மேட்ச் முடிஞ்சதும் மனுஷன் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கே திரும்பிவிட்டார். பின்னாளில் மிச்சிகனின் புகழ்பெற்ற கோச் ஆனதும் இவரேதான். இந்த மாதிரி ஊர் ஊராப் போய் ஆடுகிறவர்களை அப்போது நாடோடி வீரர்கள் என்று அழைத்தார்கள். இன்னொருத்தர் 1904 வாக்கில் யேல் அணியின் கேப்டன் ஜேம்ஸ் ஹோகன். ஃபீஸ் இல்லை, சாப்பாடு இலவசம், கியூபாவுக்கு ஒரு ட்ரிப், அதோடு அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சிகரெட்டுகளுக்கு வளாகத்தில் கமிஷன்! இன்றைய இன்ஃப்ளூயன்சர் டீல் எல்லாம் பழைய சரக்குதான்.

என்.சி.ஏ.ஏ. பிறந்த காரணமும் காசு இல்லை, சாவு. 1905-ல் ஆட்டத்தில் பசங்க செத்துக்கொண்டே இருந்ததால் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பரபரப்பில் 1906-ல் உருவான சங்கம்தான் 1910-ல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. பாதுகாப்புக்காகத் தொடங்கிய அமைப்பு போகப்போக யார் காசு வாங்கினார்கள் என்று பார்க்கிற அமைப்பா மாறிப்போனதை நான் சின்ன விஷயமா நினைக்கலை.

1948-ல் அவர்கள் கொண்டுவந்த கட்டுப்பாடுகளை ஏழு கல்லூரிகள் வெளிப்படையாவே மீறின. அவற்றை வெளியேற்ற 1950-ல் வாக்கெடுப்பு நடந்தது, போதுமான ஓட்டு விழவில்லை. சட்டம் செத்தது. 1956-ல் வேறு வழியில்லாமல் விளையாட்டுக்காகவே ஸ்காலர்ஷிப் தரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கூடவே துணி துவைக்க மாதம் 15 டாலர். அதற்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் தகுதி போச்சு. 1973-ல் அந்த ஸ்காலர்ஷிப்பையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி மாற்றினார்கள். அதாவது கோச்சுக்குப் பிடிக்கலைன்னா அடுத்த வருடம் கிடையாது. இது சம்பளம் இல்லையாம், ஆனா வேலையை விட்டுத் தூக்குகிற வசதி மட்டும் இருக்கு.

அடுத்த வருடமே, 1974 அக்டோபரில், டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனார். பல வருடம் கழிச்சு இழப்பீடு கேட்டார். 1993-ல் டெக்சாஸ் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் தரச் சொன்னது. காப்பீட்டுக் கம்பெனி நீதிமன்றம் போனது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன கடைசி வார்த்தை: அவர் ஊழியர் இல்லை. பயர்ஸின் சொல் நாற்பத்தைந்து வருடம் கழிச்சும் வேலை செய்தது.

இதற்கு நடுவில் டிவி வந்தது. எந்த மேட்ச் டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. தான் தீர்மானித்துக்கொண்டிருந்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட, 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று உடைத்தது. கல்லூரிகளுக்குத் தனித்தனியா டிவி ஒப்பந்தம், காசு கொட்டியது. வேடிக்கை என்னவென்றால், அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ் போகிறபோக்கில் ஒரு கருத்தும் எழுதினார்: வீரர்களுக்குச் சம்பளம் தரக் கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் தன்மையைக் காக்கிறது என்று. அந்த வழக்கில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. ஆனா அடுத்த 37 வருடம் என்.சி.ஏ.ஏ. வக்கீல்கள் அந்த வரியைத்தான் கேடயமா பிடிச்சுக்கிட்டாங்க.

காசு எங்கே போச்சு? கோச்களுக்கு. 2023-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு நீக்கியது. நீக்கியதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். கோச்கள் இஷ்டத்துக்கு அணி மாறலாம். 2021 நவம்பரில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு சதர்ன் கலிபோர்னியாவுக்குப் போனார், பிரையன் கெல்லி நோட்ர டேமை விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். இரண்டும் ஒரே வாரத்துக்குள்ள. ஆனா ஃபுட்பால் பையன் கல்லூரி மாறினால், 2021 வரை, ஒரு வருடம் ஆடாமல் உட்காரணும். 2018-க்கு முன்னால் இன்னும் மோசம். பழைய கல்லூரி அனுமதி கொடுத்தால்தான் புது கல்லூரியில் ஸ்காலர்ஷிப். கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சதும் இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டவன் நான், எனக்கே இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது.

உடைய ஆரம்பித்த இடம் எனக்கு நெருக்கமான இடம்: ஒரு வீடியோ கேம். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் கேம்கள் விற்றது. கேமில் வீரர்களுக்குப் பெயர் கிடையாது. ஆனா ஜெர்சி எண், உயரம், எடை, நிறம், சொந்த மாநிலம் எல்லாம் நிஜ ஆட்டக்காரருடையது. டேட்டாபேஸில் பெயர் காலம் மட்டும் காலி, மீதி எல்லாம் நிரப்பியிருக்கு. அந்தப் பையனுக்கு ஒரு பைசா இல்லை. 2009-ல் ஃபுட்பால் வீரர் சாம் கெல்லரும் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனனும் தனித்தனியா வழக்குப் போட்டார்கள். ஈ.ஏ.வும் லைசென்ஸ் கம்பெனியும் 4 கோடி டாலர் கட்டி சமாதானம் ஆனார்கள், கேம் நின்றது. ஓபேனன் வழக்கில் 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ.வின் தடை போட்டிச் சட்டத்தை மீறுகிறது என்றார். அவர் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

அதன் பிறகு வேகம். 2019-ல் கலிபோர்னியா தன் மாநில வீரர்கள் பெயர், படம் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்னாடியே ஓடின, இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்கள் கலிபோர்னியாவுக்குப் போய்விடுவார்களே. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அந்த 1984 வரி வெறும் போகிறபோக்கில் சொன்னது, அது கட்டுப்படுத்தாது என்று அங்கேதான் முடித்துவைத்தார்கள். பத்து நாள் கழிச்சு, ஜூலை 1-ல், விளம்பரம், கையெழுத்து, யூடியூப் எல்லாத்துக்கும் காசு வாங்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. கைதூக்கிவிட்டது.

அதே 2021-ல்தான் ஒரு தடவை காத்திருக்காமல் மாறலாம் என்றும் வந்தது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று பெரிசா சொல்வாங்க, உண்மையில் அது 2018-ல் தொடங்கிய ஒரு டேட்டாபேஸ். உங்க பெயர் அதில் ஏறினால் மற்ற கோச்கள் உங்களைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். ரைலி பின்னாடியே அவருடைய குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் போர்ட்டல் வழியா மாறி, 2022-ல் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். 2024-ல் எத்தனை தடவை வேணும்னாலும் மாறலாம் என்று ஆனது, அதுவும் மாநிலங்கள் வழக்குப் போட்ட பிறகு. யோஸ்ட் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இனி தகுதிக் கணக்கு. ஐந்து வருடத்துக்குள் நாலு சீசன் ஆடலாம் என்பது விதி. படிப்பு முடிகிற காலம் என்று நியாயம் சொன்னார்கள். டியேகோ பவியா என்ற குவார்ட்டர்பேக் முதலில் ஒரு ஜூனியர் காலேஜில் ஆடினார், பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட், பிறகு வாண்டர்பில்ட். 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று தோற்கடித்தது, ஆட்டத்தை நடத்தியவர் இவர். உன் கணக்கு முடிஞ்சது என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார். வாதம் இதுதான்: இப்போது ஒரு சீசன் என்றால் பணம், ஜூனியர் காலேஜ் வருடங்களைக் கழித்து என் சம்பாத்தியத்தைத் தடுக்கிறீர்கள். 2024 டிசம்பரில் நீதிபதி அவர் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். இதை கவனிங்க. காசு இல்லாதவரை தகுதி விதி ஒரு கல்வி விதி. காசு வந்ததும் அதே விதி சந்தைக் கட்டுப்பாடு ஆகிவிட்டது. விதியில் ஒரு எழுத்துகூட மாறலை.

2025 ஜூன் 6-ல் ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கொடுத்தவர் கிளாடியா வில்கன். பழைய வீரர்களுக்குப் பத்து வருடத்தில் ஏறக்குறைய 280 கோடி டாலர். இனிமேல் கல்லூரிகளே நேரடியா வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகிறது. நீச்சல், மல்யுத்தம் ஆடுற பசங்க கதி என்ன என்பது தனிச் சண்டை.

சரி, எல்லாம் ஜெயிச்சாச்சா? அந்தப் பணம் கொடுக்கிற தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் அது ஆடுவதற்கான கூலி என்று எழுதுவதில்லை, பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம் என்றுதான் எழுதுகிறார்கள். ஹவுஸ் சமரசம் யாரையும் ஊழியர் என்று சொல்லவில்லை. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் அணி தொழிற்சங்கம் கேட்டபோது வட்டார அதிகாரி இவர்கள் ஊழியர்கள்தான் என்றார். அடுத்த வருடம் வாஷிங்டனில் இருந்த வாரியம் இதில் நாங்க தலையிட மாட்டோம் என்று கதவைச் சாத்தியது. 2024-ல் இருந்து என்.சி.ஏ.ஏ. ஒரு காப்பீடு தருகிறது, ஆட்டக்காலம் முடிந்து இரண்டு வருடம் வரை காயத்துக்கு மருத்துவச் செலவு. நல்லதுதான். ஆனா வால்ட்ரெப்பைப் போல உடல் செயலிழந்துபோனவருக்கு இரண்டு வருடம் என்ன கணக்கு? டென்னிசனின் மனைவி கேட்டது அதுவும் இல்லையே.

இப்போது நடக்கிற இரண்டு விஷயங்களோடு நிறுத்திக்கறேன். ட்ரே ஜான்சன் என்ற முன்னாள் வில்லனோவா வீரர் போட்ட வழக்கில், 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அமெச்சூர் என்ற முத்திரையை மட்டும் காட்டி ஊழியர் இல்லை என்று தள்ள முடியாது என்று சொல்லி, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அதற்கு அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஸ்கோர் என்ற மசோதா வந்தது. அதில் ஒரு பிரிவு, கல்லூரிக்காக ஆடுகிறார் என்பதை வைத்து யாரையும் ஊழியராகக் கருதக் கூடாது என்கிறது. மசோதாவில் அந்த வீரரைக் குறிக்கப் போட்டிருக்கிற சொல் என்ன தெரியுமா? ஸ்டூடன்ட் அத்லீட்.